கர்த்தர் நியாயத்தை விரும்புகிறவர் என்றால், நம் வாழ்க்கையில் எது மாற வேண்டும்?

கேள்வி இதுதான்: "கர்த்தர் நியாயத்தை விரும்புகிறவர் என்று சங்கீதம் 37:28 சொல்கிறது. அன்பாகவே இருக்கிற தேவன் நியாயத்தை விரும்புகிறார் என்பதை எப்படிப் புரிந்துகொள்வது? தண்டிப்பதில் அவருக்குப் பிரியமா? இதனால் ஒரு விசுவாசியின் அன்றாட வாழ்க்கையில் என்ன மாற வேண்டும்?"

தண்டிப்பதில் அவருக்குப் பிரியமில்லை. துன்மார்க்கனுடைய மரணத்தை விரும்பவில்லை, அவன் திரும்பிப் பிழைப்பதையே விரும்புகிறேன் என்று எசேக்கியேல் 33:11-இல் ஆணையிட்டே சொல்கிறார். கோணலாக்கப்பட்டது நேராவதும், பறிக்கப்பட்டது உரியவனிடம் திரும்பிப் போவதும், பேச ஆளில்லாதவனுடைய வழக்கு கேட்கப்படுவதும்தான் அவருக்குப் பிரியம். ஆகவே நியாயத்தை விரும்பத் தொடங்குகிற விசுவாசி முதலில் கேட்க வேண்டியது "நான் யாரை எதிர்க்க வேண்டும்" என்பதை அல்ல. "நான் யாருக்கு என்ன தர வேண்டியிருக்கிறது, என் அதிகாரத்தின் கீழ் யார் இருக்கிறார்கள்" என்பதையே. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வரும்.

முதலில் சொற்களைப் பார்ப்போம், ஏனென்றால் நம் குழப்பத்தில் பாதி அங்கே இருக்கிறது. நம் வேதாகமத்தில் "நியாயம்" என்று வரும் இடங்களில் எபிரெயத்தில் பெரும்பாலும் இருப்பது "மிஷ்பாத்". பழைய ஏற்பாட்டில் 400-க்கும் அதிகமான முறை வருகிறது. வழக்கைத் தீர்ப்பது, அந்தத் தீர்ப்பு, ஒருவனுக்கு உரிய பங்கு ஆகிய மூன்றையும் அந்த ஒரே சொல் குறிக்கும். "நீதி" என்று வருவது "செதெக்" அல்லது "செதாக்கா": உறவுகளில் ஒருவன் நடந்துகொள்ள வேண்டிய முறைப்படி நடப்பது. இரண்டும் அடிக்கடி ஜோடியாக வரும். ஆதியாகமம் 18:19-இல் ஆபிரகாமைத் தெரிந்துகொண்டதன் நோக்கமே, அவனுடைய வீட்டார் நீதியையும் நியாயத்தையும் செய்து கர்த்தருடைய வழியைக் காக்க வேண்டும் என்பதுதான்.

தமிழ்ச் சபைகளில் "நீதிமான்" என்ற சொல்லைக் கேட்டவுடன் அதிகாலையில் எழுந்து ஜெபிக்கிறவர், தீய பழக்கம் எதுவும் இல்லாதவர் என்ற உருவம்தான் மனதில் எழுகிறது. அது தவறில்லை, ஆனால் பாதிதான். யோபு 29:14-17-இல் யோபு தான் நீதியைத் தரித்துக்கொண்டதாகச் சொல்லிவிட்டு, அந்த ஆடை எப்படிப்பட்டது என்று விவரிக்கிறான்: குருடனுக்குக் கண்ணாக இருந்தான், சப்பாணிக்குக் காலாக இருந்தான், தனக்குத் தெரியாத வழக்கையும் ஆராய்ந்து பார்த்தான், அநியாயக்காரனுடைய பல்லிலிருந்து அவன் பறித்ததைப் பிடுங்கினான். எல்லாமே மற்றவர்கள் சம்பந்தப்பட்டவை. தெரியாத வழக்கை ஆராய்வது என்பதைக் கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். தன்னிடம் வந்த முறையீட்டைக் கேட்டதோடு அவன் நிற்கவில்லை, உட்கார்ந்து விசாரித்திருக்கிறான். அதற்கு நேரமும் உழைப்பும் பிடிக்கும்.

ஏசாயா 5:7-இல் ஒரு சொல்விளையாட்டு இருக்கிறது. மொழிபெயர்ப்பில் அது தொலைந்துவிடும். தேவன் தம் திராட்சத்தோட்டமாகிய இஸ்ரவேலில் "மிஷ்பாத்"தைத் தேடினார், கிடைத்தது "மிஸ்பாக்", அதாவது கொடுமை. "செதாக்கா"வைத் தேடினார், கிடைத்தது "செயாக்கா", அதாவது முறைப்பாடு. காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒலிக்கும். வெளியிலிருந்து பார்க்கும்போது அந்தத் தோட்டம் அப்படித்தான் ஒழுங்காகத் தெரிந்தது. ஆனால் அந்தக் கடைசிச் சொல் வேறொரு இடத்தில் வந்த சொல்: எகிப்தில் அடிமைகளாயிருந்த இஸ்ரவேலர் இட்ட கூக்குரலை யாத்திராகமம் 3:7 அதே சொல்லால்தான் குறிக்கிறது. மீட்கப்பட்ட ஜனத்தின் நடுவிலேயே எகிப்தின் கூக்குரல் எழும்பிவிட்டது என்பதுதான் ஏசாயாவின் குற்றச்சாட்டு.

இனி "விரும்புகிறவர்" என்பதற்கு வருவோம். சங்கீதம் 33:5 ஒரே மூச்சில் இரண்டைச் சொல்கிறது: அவர் நீதியிலும் நியாயத்திலும் பிரியப்படுகிறார், பூமி அவருடைய காருணியத்தினால் நிறைந்திருக்கிறது. சங்கீதம் 89:14-இல் நீதியும் நியாயமும் சிங்காசனத்தின் ஆதாரம், கிருபையும் சத்தியமும் அதற்கு முன்பாக நடப்பவை. அன்பை ஒரு தட்டிலும் நியாயத்தை இன்னொரு தட்டிலும் வைத்துச் சமன் செய்யப் பார்க்கிற பழக்கம் நமக்கு உண்டு. வேதம் அப்படிப் பிரிப்பதில்லை. யாத்திராகமம் 22:26-27 இதற்கு நல்ல உதாரணம். கடனுக்கு ஈடாக ஒருவனுடைய மேலாடையை வாங்கினால், பொழுது போகுமுன் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஏன்? அவன் "எதினாலே போர்த்துப் படுத்துக்கொள்ளுவான்?" என்று தேவனே கேட்கிறார். அவன் முறையிட்டால் கேட்பேன், நான் இரக்கமுள்ளவர் என்று முடிக்கிறார். சட்டம்தான், ஆனால் குளிரில் படுத்திருக்கும் ஒரு மனிதனைப் பார்த்துக்கொண்டே எழுதப்பட்ட சட்டம்.

இந்தச் சட்டம் ஏட்டோடு நிற்கவில்லை என்று எண்ண இடமுண்டு. இஸ்ரவேலின் மத்தியதரைக் கடலோரத்தில் மெசாத் ஹஷாவ்யாஹு என்ற பழைய கோட்டையில், கி.மு. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, மையால் எழுதப்பட்ட ஒரு பானை ஓடு 1960-இல் கிடைத்தது. அறுவடைக் கூலியாள் ஒருவன் அதிகாரிக்குச் செய்துகொண்ட முறையீடு அது. நான் என் வேலையை முடித்துவிட்டேன், ஆனாலும் என் ஆடையை எடுத்துக்கொண்டார்கள், வெயிலில் என்னோடு அறுத்தவர்கள் எனக்குச் சாட்சி சொல்வார்கள், என் ஆடையைத் திருப்பித் தரச் செய்யும் என்கிறான். யாத்திராகமம் யாரைக் கண்முன் வைத்துப் பேசியதோ அந்த மனிதனுடைய குரல் மண்ணுக்கடியிலிருந்து கேட்கிறது. தேவன் நியாயத்தை விரும்புகிறார் என்றால் இந்த மனிதனை நேசிக்கிறார் என்று அர்த்தம்.

சிலுவையைப் பற்றிச் சுருக்கமாக. துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவன் கர்த்தருக்கு அருவருப்பு என்று நீதிமொழிகள் 17:15 சொல்கிறது. தேவன் பாவியை நீதிமானாக்குகிறார் என்று ரோமர் 4:5 சொல்கிறது. இந்த முடிச்சை ரோமர் 3:25-26 அவிழ்க்கிறது: அவர் நீதியுள்ளவராகவும், விசுவாசிக்கிறவனை நீதிமானாக்குகிறவராகவும் விளங்கும்படி கிறிஸ்துவின் இரத்தத்தை வைத்தார். பாவம் ஒரு பொருட்டே இல்லை என்று அவர் ஒதுக்கவில்லை; அதன் விலையைத் தாமே ஏற்றார். ஆகவே மன்னிப்புப் பெற்றவன் "இனி கணக்கு ஏதும் இல்லை" என்று பிறனுடைய கணக்கையும் கிழித்துப்போட முடியாது. தேவனுக்கு நான் பட்ட கடனைத்தான் கிறிஸ்து தீர்த்தார். அயலானிடம் நான் எடுத்த பணம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது.

அங்கிருந்தே நடைமுறை தொடங்குகிறது. உபாகமம் 25:13 பையில் பெரிதும் சிறிதுமான இரண்டுவித நிறைகற்களை வைத்திருக்கக் கூடாது என்கிறது. அந்தக் காலத்தில் நாணயம் இல்லை, வெள்ளியை நிறுத்துத்தான் கொடுத்தார்கள். யூதாவில் அகழ்ந்தெடுத்த, சேக்கல் என்ற எடைக்குரிய நிறைகற்கள் ஏறக்குறைய 11.3 கிராம் இருக்கின்றன. ஆமோஸ் 8:5 வியாபாரியின் தந்திரத்தைத் துல்லியமாகச் சொல்கிறது: தானியத்தை அளக்கும் எப்பாவைக் குறைப்பார்கள், வாங்கும் வெள்ளியை நிறுக்கும் சேக்கலைக் கூட்டுவார்கள். கொடுக்கும்போதும் லாபம், வாங்கும்போதும் லாபம். ஒரு முறை பார்த்தால் கண்ணுக்கே தெரியாத அளவு. ஏழையின் வாழ்நாள் முழுவதும் கூட்டினால் பெரிய கொள்ளை. உங்கள் தொழில் எதுவானாலும் இரண்டு நிறைகற்களைத் தேடிப் பாருங்கள். வாடிக்கையாளர் தாமதித்தால் அபராதம், நான் தாமதித்தால் "கொஞ்சம் பொறுங்கள்". நான் தவறினால் சூழ்நிலை, என் கீழ் வேலை செய்பவர் தவறினால் குணக்கேடு. என் பிள்ளைக்கு ஒரு அளவு, மருமகளுக்கு ஒரு அளவு. தராசு இல்லாத வீட்டிலும் இரண்டு கல் இருக்க முடியும்.

கூலியைப் பற்றி வேதம் வியக்கத்தக்க அளவு விவரமாகப் பேசுகிறது. கூலி விடியற்காலம்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்று லேவியராகமம் 19:13 சொல்கிறது. உபாகமம் 24:15 இன்னும் கடுமை: பொழுது போகுமுன்னே கொடு. அன்றன்று கூலி வாங்குகிறவனுக்கு ஒரு இரவு தாமதமே பசி. எரேமியா 22:13 கூலி கொடாமல் வேலை வாங்கி மாளிகை கட்டிய அரசனுக்கு ஐயோ என்கிறது. அவனுடைய தகப்பன் சிறுமையானவனுடைய வழக்கை விசாரித்தான், என்னை அறிவது என்பது இதுதானே என்று 16-ஆம் வசனத்தில் கர்த்தர் கேட்கிறார். இன்று இதைக் கைக்கொள்வது எப்படி? வேலை தொடங்குமுன் தொகையையும் கொடுக்கும் தேதியையும் பேசி முடியுங்கள், முடிந்தால் எழுத்தில். முன்பே சொல்லாத எந்தப் பிடித்தமும் செய்யாதீர்கள். வேலை முடிந்த பிறகு பேரம் பேசாதீர்கள். அப்போது அவர் கையில் விலை சொல்லும் வலிமை இல்லை. பணமுடை வந்தால் உங்கள் வசதியைக் குறையுங்கள், கூலியைப் பிடிக்காதீர்கள். சபைகளில் இது குறிப்பாகத் தவறுகிறது. கூட்டிப் பெருக்குகிறவர், சமைக்கிறவர், காவலாளி ஆகியோரிடம் "ஊழியமாக நினைத்துச் செய்யுங்கள்" என்று சொல்லிக் கூலியைக் குறைப்பதுண்டு. தன் நேரத்தைக் காணிக்கையாகக் கொடுப்பது கொடுப்பவருடைய உரிமை. வாங்குகிறவர் அதை நிர்ணயிக்க முடியாது.

ஏற்கெனவே செய்த அநியாயத்தை என்ன செய்வது? இதுதான் நம் போதனையில் மிகவும் மெலிந்துபோன பகுதி. "ஆண்டவரிடம் அறிக்கையிட்டேன், சமாதானம் வந்தது" என்பதோடு முடித்துவிடுகிறோம். மோசேயின் நியாயப்பிரமாணம் அப்படி முடிக்கவில்லை. திருடிய மாட்டை அடித்தாலோ விற்றாலோ ஐந்து மடங்கு, ஆட்டுக்கு நான்கு மடங்கு, உயிரோடு கையில் இருந்தால் இரண்டு மடங்கு என்று யாத்திராகமம் 22 சொல்கிறது. பிடிபடாமல் ஏமாற்றியவன் குற்றத்தை உணர்ந்தால், லேவியராகமம் 6:1-7-இன்படி முதலையும் அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் உரியவனுக்குக் கொடுக்க வேண்டும். 100 எடுத்தவன் 120 கொடுப்பான். அதன் பிறகே குற்றநிவாரண பலி. மத்தேயு 5:23-24-இல் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னதற்கு அடியில் இந்த ஒழுங்குதான் இருக்கிறது. மனந்திரும்பிய வரி வசூலிப்பாளனாகிய சகேயு (லூக்கா 19:8) தானாக முன்வந்தவன். ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்திருந்தாலே போதும். அவன் திருடனுக்குரிய நான்கு மடங்கைத் தனக்கு விதித்துக்கொண்டான்.

திருப்பிக் கொடுக்க முடிவெடுத்தவர் முதலில் செய்ய வேண்டியது எழுதுவது. யாரிடம், எது, எப்போது, எவ்வளவு. "ஏதோ கொஞ்சம்" என்று மனதில் வைத்திருந்தால் தொகை நாளுக்கு நாள் சுருங்கும். எடுத்த பணத்தால் அவருக்கு வட்டியோ வாடகையோ வேலையோ போயிருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். அந்த ஐந்தில் ஒரு பங்கு அவர் அது இல்லாமல் பட்ட பாட்டையும் நினைவில் வைக்கிறது.

அடுத்து, பணம் யாருக்குப் போக வேண்டும் என்பது. இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். குற்ற உணர்வு தாங்காமல் அந்தத் தொகையைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். எண்ணாகமம் 5:7-8 வரிசையைத் தெளிவாக வைக்கிறது: பாதிக்கப்பட்டவர், அவர் இல்லையென்றால் அவருடைய நெருங்கிய உறவினர், அப்படி யாருமே இல்லாதபோதுதான் கர்த்தருக்கென்று ஆசாரியனிடம். கடைசி இடத்தை முதல் இடமாக்கக் கூடாது. எப்படியானாலும் அந்தப் பணம் தவறு செய்தவனுடைய கையில் தங்குவதில்லை என்பதையும் கவனியுங்கள். பறித்த பொருளால் இடும் தகனபலியை வெறுக்கிறேன் என்று ஏசாயா 61:8 சொல்வது நியாயத்தை விரும்புகிறேன் என்ற அதே வாக்கியத்தில்தான்.

சொல்லும் விதத்திலும் நியாயம் உண்டு. "உங்களுக்கு வருத்தம் ஏற்பட்டிருந்தால்" என்று தொடங்காதீர்கள். செய்ததைச் செய்தேன் என்று சொல்லுங்கள். காரணங்களை அவர் கேட்டால் பிறகு சொல்லலாம். பணத்தை நீட்டிய அதே நொடியில் மன்னிப்பையும் கேட்டு அவரை நெருக்காதீர்கள், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கட்டுப்படுத்தவும் வேண்டாம். பெயர் தெரியாமல் அனுப்பினால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். அந்தக் களவுக்கு வேறொருவர்மேல் சந்தேகம் விழுந்திருந்தால் போதாது: பணம் திரும்பிவிடும், அவருடைய பெயர் திரும்பாது. அவதூறும் அப்படியே. பத்துப் பேர் நடுவில் சொன்ன பொய்யை அந்தப் பத்துப் பேரிடமும் போய்த் திருத்த வேண்டும்.

மொத்தமாகக் கொடுக்க முடியாவிட்டால் தவணையும் தேதியும் எழுதிக் கையெழுத்திடுங்கள், விற்க முடிந்ததை விற்றுவிடுங்கள். பவுல் பிலேமோனுக்கு எழுதும்போது, பிலேமோனுடைய அடிமையான ஒநேசிமு பட்ட கடனைத் தன் கணக்கில் வைக்கச் சொல்லி, நானே செலுத்தித் தீர்ப்பேன் என்று தன் சொந்தக் கையால் எழுதிக் கொடுத்தார். கிருபையைப் பற்றி அதிகம் எழுதிய அப்போஸ்தலன் கடன் சீட்டு எழுதிக் கொடுக்கிறார் என்பது எனக்கு எப்போதும் மனதைத் தொடுகிற இடம். ஒரு எச்சரிக்கையும் வேண்டும்: நீங்கள் உடலாலோ மனதாலோ கொடுமைப்படுத்திய ஒருவரை நேரில் போய்ச் சந்திப்பது அவருக்கு மறுபடியும் காயமாகலாம். அங்கே அவர் நம்பும் மூன்றாவது நபர் வழியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விலகியிருங்கள். செய்தது குற்றச்செயல் என்றால் சட்டத்துக்கு முன் நிற்பதும் திருப்பிக் கொடுப்பதில் சேர்ந்ததே.

பிறருடைய வழக்கைக் கேட்கும் பொறுப்பு உங்களுக்கு வந்தால், அது குடும்பமானாலும் சபையானாலும் அலுவலகமானாலும், மிகச் சாதாரணமான தவறு முதலில் பேசியவரை நம்பிவிடுவது. முதலில் பேசுகிறவன் நீதிமான்போலக் காணப்படுவான், அயலான் வந்து அவனைப் பரிசோதிப்பான் என்று நீதிமொழிகள் 18:17 சொல்கிறது. கேளாமலே ஒருவனைத் தீர்க்கலாமா என்று பிரதான ஆசாரியரையும் பரிசேயரையும் கேட்க ஒரு நிக்கொதேமு தேவைப்பட்டான் (யோவான் 7:51). ஆகவே இரு பக்கத்தையும் முதலில் தனித்தனியாகக் கேளுங்கள். தேதி, இடம், கண்ணால் கண்டது, காதால் கேட்டது என்று பிரித்து எழுதுங்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு "உங்கள்மேல் புகார் இருக்கிறது" என்று மட்டும் சொல்லாமல் எந்தச் செயல், எந்த நாள் என்று தெரிவித்துப் பதில் சொல்ல அவகாசம் கொடுங்கள். உறவினரும் தொழில் கூட்டாளியும் விசாரிக்கும் இடத்திலிருந்து விலகட்டும். தீர்ப்பில் எது நிரூபணமானது, எது ஆகவில்லை, எதை யார் எப்போதைக்குள் சரிசெய்ய வேண்டும், அதை யார் பார்த்து உறுதி செய்வார் என்ற நான்கும் இருக்க வேண்டும். கடைசி இரண்டும் இல்லாததால்தான் பல சமரசங்கள் ஒரு ஜெபத்தோடு முடிந்து ஒரு மாதத்தில் உடைகின்றன.

ஆனால் ஒழுங்குமுறை மட்டும் போதாது. ஆகாப் ராஜா ஆசைப்பட்ட திராட்சத்தோட்டத்தின் சொந்தக்காரனான நாபோத்தின் வழக்கைப் பாருங்கள் (1 இராஜாக்கள் 21). உபவாசம் கூறப்பட்டது, மூப்பர்கள் கூடினார்கள், ஜனங்களுக்கு முன் விசாரணை நடந்தது, நியாயப்பிரமாணம் கேட்கிற இரண்டு சாட்சிகளும் வந்தார்கள். ஒரு விதியும் வெளிப்படையாக மீறப்படவில்லை. நடந்தது ஒரு திராட்சத்தோட்டத்துக்காகச் செய்த கொலை. நியாயத்தை நேசிக்காத கையில் நியாயத்தின் கருவிகள் எல்லாம் ஆயுதமாகிவிடும்.

இரண்டு சாட்சி விதியே இன்றும் அப்படிப் பயன்படுகிறது. உபாகமம் 19:15-உம் 1 தீமோத்தேயு 5:19-உம் வெறும் வதந்தியால் ஒருவர் அழியாதபடி காக்கிற வேலிகள். பாலியல் கொடுமைக்கு ஆளானவரிடம் "இரண்டு சாட்சி எங்கே" என்று கேட்டு வாயை அடைக்க அவற்றைக் கையாள்வது அந்த விதியின் நோக்கத்துக்கே விரோதம். உபாகமம் 22:25-27 வெளியிலே, உதவிக்கு யாருமில்லாத இடத்தில் பலவந்தம் செய்யப்பட்ட பெண்ணைப் பற்றிப் பேசுகிறது: அவள் கூக்குரலிட்டும் இரட்சிக்க ஆளில்லை, அவள்மேல் குற்றமில்லை. சாட்சி இல்லாத இடம் என்பது அவளுக்கு எதிராக எண்ணப்படவில்லை. மேலும் காயங்கள், செய்திகள், ஒருவருக்கொருவர் தெரியாதவர்கள் தனித்தனியே சொன்ன ஒரேவிதமான புகார்கள் எல்லாம் சாட்சிதான். மத்தேயு 18:15 "நீயும் அவனும் தனித்திருக்கையில்" பேசச் சொல்வதைக் காட்டி ஒரு குழந்தையைக் கொடுமை செய்தவர் முன் தனியாக நிறுத்துவது பெரும் பாவம். குற்றம் குற்றமாக இருக்கும்போது காவல்துறைக்குத் தெரிவிப்பது அவிசுவாசம் ஆகாது. ரோமர் 13:4-இன்படி அதிகாரம் வைக்கப்பட்டிருப்பதே அதற்காக. சபையின் பெயர் கெடும் என்ற பயம் அங்கே எழும். தாவீது ராஜாவின் பாவத்தைத் தீர்க்கதரிசியாகிய நாத்தான் மறைத்திருந்தால் தேவனுடைய பெயர் காக்கப்பட்டிருக்குமா?

முகதாட்சிணியத்தைப் பற்றி வேதம் இரு பக்கமும் அடைக்கிறது. பெரியவனுடைய முகத்துக்கு அஞ்சாதே என்பது எல்லாருக்கும் தெரியும். யாத்திராகமம் 23:3 வழக்கில் தரித்திரனுடைய முகத்தையும் பாராதே என்கிறது. மூன்று வசனம் தள்ளி, எளியவனுடைய நியாயத்தைப் புரட்டாதே என்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் நேராகும்: உண்மை எது என்று தீர்மானிக்கும்போது ஏழ்மையோ செல்வமோ எடைபோடக் கூடாது, ஆனால் ஏழையின் வழக்கு விசாரணைக்கே வராமல் போகும் ஆபத்து அதிகம் என்பதால் அவனைத் தேடிப் போக வேண்டும். பட்டணவாசலில் நியாயம் விசாரித்த மூப்பர்கள் நிலமும் குடும்பமும் உள்ளவர்கள். விதவை, திக்கற்ற பிள்ளை, பரதேசி, சிறுமையானவன் என்று சகரியா 7:10 அடுக்குகிற நால்வருக்கும் அங்கே தங்கள் ஆள் இல்லை. வேதம் இவர்களைத் திரும்பத் திரும்பப் பெயர் சொல்லி அழைப்பதன் காரணம் அதுவே.

எருசலேம் சபை இதை எப்படிக் கையாண்டது என்று அப்போஸ்தலர் 6 காட்டுகிறது. கிரேக்கம் பேசிய விதவைகளுக்கு அன்றாடப் பங்கு கிடைக்கவில்லை என்ற முறுமுறுப்பு எழுந்தது. "முறுமுறுக்காதீர்கள்" என்று யாரும் அதட்டவில்லை. எல்லாரையும் கூட்டி, நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறைப்பட்ட தரப்பின் கையிலேயே பங்கீட்டைக் கொடுத்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. உங்கள் சபையின் நிதிக் குழுவில், கல்யாண மண்டபம் யாருக்கு என்று முடிவெடுக்கும் மேசையில், யாருடைய குரல் இல்லையோ அவர்களுக்கு அங்கே ஒரு நாற்காலி போடுவது இந்த அதிகாரத்தின் நேரடியான பயன்பாடு. அதிகாரத்துக்கு முன்னும் இதே அளவுதான். கி.பி. 390-இல் தெசலோனிக்கேயில் மக்களைக் கொன்று குவிக்கச் செய்த பேரரசன் தியோடோசியுவுக்கு, மிலான் பேராயர் அம்புரோசியு திருவிருந்தை மறுத்தார். பேரரசன் பகிரங்கமாக மனந்திரும்பிய பிறகே சேர்த்துக்கொண்டார்.

தானம் நியாயத்துக்கு ஈடாகாது என்பதைத் தனியே சொல்ல வேண்டும். வயலின் ஓரத்தை ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிடச் சொல்லும் லேவியராகமம் 19:9-10 நில உரிமையாளனுடைய தாராளத்தை நம்பி எழுதப்படவில்லை. அந்த ஓரம் ஏழைக்கு உரியது. அவன் வந்து தன் கையால் பொறுக்குவான், யாருடைய வாசலிலும் நிற்க வேண்டாம். ஈடு வாங்கப் போகிறவன் வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நிற்க வேண்டும் என்ற உபாகமம் 24:10-11-உம் அதே எண்ணத்திலிருந்து வருகிறது. கடன்பட்டவனுக்கும் வாசற்படி உண்டு, அதற்குள் அவன் எஜமான். ஆகவே கொடுக்கும்போது புகைப்படம் எடுத்துப் பரப்பாதீர்கள், வாங்குகிறவரை மேடையேற்றாதீர்கள். கூலியில் குறைத்ததைப் பண்டிகை நாளில் பரிசாகக் கொடுத்தால் அது பரிசில்லை, அவருடைய கூலியின் ஒரு பகுதி.

மன்னிப்பும் நியாயமும் மோதுகின்றனவா? மறு கன்னத்தைத் திருப்பிக்கொடு என்ற கட்டளையும், பிலிப்பியில் பவுல் நடந்துகொண்டதும் அருகருகே இருக்கின்றன. விசாரணையின்றி அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகள் இரகசியமாக அனுப்பிவிடப் பார்த்தபோது, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்றார் (அப்போஸ்தலர் 16:37). பழிவாங்கவில்லை, யாரையும் தண்டிக்கக் கேட்கவில்லை. ஆனால் நடந்தது அநியாயம் என்பது ஊரறியச் சொல்லப்பட வேண்டும் என்று நின்றார். அவர் போன பிறகு அந்த ஊரில் வாழப்போகிற புதிய விசுவாசிகளான லீதியாளுக்கும் சிறைச்சாலைக்காரனுக்கும் அது பாதுகாப்பாகவும் இருந்தது. மன்னிப்பது என்றால் பழிவாங்கும் உரிமையைத் தேவனிடம் ஒப்படைப்பது (ரோமர் 12:19). உண்மையைச் சொல்வதையும், திருப்பிக் கேட்பதையும், இன்னொருவர் பாதிக்கப்படாமல் தடுப்பதையும் அது விலக்குவதில்லை. பாதிக்கப்பட்டவரிடம் "மன்னித்துவிடு" என்று முதல் நாளே சொல்கிறவர்கள் பெரும்பாலும் தங்கள் சங்கடம் சீக்கிரம் முடிவதைத்தான் தேடுகிறார்கள். அதே மூச்சில், பாதிக்கப்பட்டவர் மனதில் கசப்பு வேர்விட்டால் அது அவரையே தின்னும் என்பதும் உண்மை. அதற்கு மருந்து அவருடைய வழக்கை யாராவது பொறுமையாக முழுவதும் கேட்பதில் தொடங்குகிறது.

நியாயம் கிடைக்காமலே காலம் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே லூக்கா 18-இல் அந்த விதவை. நியாயாதிபதி தேவனுக்குப் பயப்படாதவன், மனுஷரை மதியாதவன். அவள் பழிவாங்கவும் இல்லை, விதி என்று வீட்டில் உட்காரவும் இல்லை. எனக்கு நியாயம் செய்யும் என்று திரும்பத் திரும்ப அவன் வாசலுக்கே போனாள். இயேசு அவளை ஜெபத்துக்கு உதாரணமாக வைத்தார் என்பதால், அவள் போன இடம் நீதிமன்றம் என்பதை மறந்துவிட வேண்டாம். இப்படிக் காத்திருக்கிற ஒருவர் உங்கள் சபையில் இருந்தால், சங்கீதம் 10-ஐயும் 94-ஐயும் ஆராதனையில் வாசியுங்கள். துதிப் பாடல்களுக்கு நடுவே அவருடைய முறையீட்டுக்கும் ஒரு வாய் கிடைக்கும். ஆவணங்களைச் சேர்த்து வரிசைப்படுத்த உதவுங்கள். வழக்கறிஞர் செலவில் பங்கெடுங்கள். அடுத்த விசாரணை எந்தத் தேதி என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்த நாளில் அவரோடு போய் உட்காருங்கள். தீர்ப்பு தள்ளிப்போனால் அடுத்த தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.